காசு வராத பொருள்

என் தங்கை புருஷன் எனக்குத் தர வேண்டியிருந்தது நாற்பத்தோராயிரத்து அறுநூற்றைம்பது. அந்த அறுநூற்றைம்பதைத் தள்ளிவிடக் கூடாதா என்று ஒரு தடவை கேட்டார். நாற்பத்தோராயிரத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டிருந்தால் தள்ளியிருப்பேன்.

நடந்ததைச் சொல்லுங்கள், எழுத்தர் எழுதிக்கொள்வார் என்றீர்கள், ஐயா. நானே எழுதித் தருகிறேன். வாயால் சொன்னால் கேட்கிறவர் முகத்தைப் பார்த்துப் பேச்சு வளைந்துவிடும். எழுத்து எனக்கு நாற்பது வயதுக்கு மேல் வந்தது. அதை வளைக்க இன்னும் பழகவில்லை.

நான் கார் பட்டறையில் பிரேக் வேலை பார்க்கிறவன். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தே பாதி ஆயுள் போய்விட்டது. படிக்க வந்ததிலிருந்து எதற்கும் ரசீது கேட்பது என் வழக்கம், டீக்கடையில்கூட. அதனால் பட்டறையில் எனக்கு ரசீது என்றே பெயர். முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. இதைவிட மோசமான பெயரோடு அங்கே நாலு பேர் இருக்கிறார்கள்.

மாப்பிள்ளை மனை விற்கிறவர். மனை அவருடையது அல்ல, யாருடையதையோ யாருக்கோ காட்டி நடுவில் கமிஷன் வாங்குவார். பேச்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு நாள் பட்டறைக்கு வந்து என்னை வண்டிக்கு அடியிலிருந்து காலைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார். பழைய கார் விற்கிறவன் கொட்டகையில் மஞ்சள் நிறத்தில் ஒன்று நின்றது. இரண்டே கதவு, தரையோடு தரையாகப் பதுங்கின உடம்பு. பந்தய வண்டி ஜாதி. பின் சீட்டில் ஒரு கைப்பையை உட்கார வைக்கலாம், அதுவும் மடக்கித்தான்.

"எப்படி இருக்கு மச்சான்?"

"எதுக்கு மாப்பிள்ளை இது?"

"நடந்து போய் மனை காட்டினா, நடந்து போற ஆளுதான் வாங்க வருவான். இதுல போய் எறங்குனா, பேரம் பேசவே கூச்சப்படுவான். புதுசு என்ன வெல தெரியுமா? அதுல பத்துல ஒரு பங்குக்குத் தர்றான்."

நான் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தேன். முன் பிரேக் டிஸ்க்கில் வெப்பம் போகத் துளை போட்டிருப்பார்கள். அந்தத் துளைகளைச் சுற்றிப் பொடிப்பொடியாக வெடிப்பு. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பேடு தேய்ந்து, பின்னால் இருக்கும் இரும்புத் தகடு எட்டிப் பார்த்தது.

"வண்டி வெலதான் கொறஞ்சிருக்கு மாப்பிள்ளை. டயர் வெல கொறயல. ஆயில் வெல கொறயல. பிரேக் வெல கொறயல. வண்டிக்கு வயசாச்சேன்னு பார்ட்ஸ் விக்கிறவன் தள்ளுபடி தர மாட்டான்."

"நீங்க ஜவுளிக் கடைக்கு வந்தாலும் மொதல்ல சாயம் போகுமான்னுதான் கேப்பீங்க."

அன்று சாயங்காலம் தங்கை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவள் வீட்டிலேயே பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். அறை முழுக்க நீலக் கால்சட்டை மலை மாதிரி குவிந்து கிடக்கும். அதில் கொஞ்சத்தைத் தள்ளிவிட்டுத்தான் உட்கார வேண்டும். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இன்சூரன்ஸ் வீட்டு வாடகையைத் தாண்டும். பெட்ரோலைக் குடிக்காது, கொப்பளிக்கும். டயர் சாதா வண்டியில் ஓடுகிற தூரத்தில் பாதிகூட ஓடாது. சர்வீசுக்குப் பெரிய இடத்துக்குப் போனால் கதவைத் திறந்து காட்டவே காசு.

தங்கை ஊசியில் நூல் கோத்தபடி கேட்டாள். "ஒரு டயருக்கு எத்தனை கால்சட்டை தைக்கணும்ண்ணே?"

நான் சொன்னேன். அவள் நூலை வாயால் அறுத்துவிட்டு மலையைப் பார்த்தாள்.

"நீ ஏன்டி தைக்கணும்? ரெண்டு மனை முடிஞ்சா மிஷினையே தூக்கிப் போட்டுடலாம்," என்றார் மாப்பிள்ளை.

"மொதல்ல மனை முடியட்டும். மிஷினு எங்கயும் போகாது."

அவள் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கண்ணே, வண்டி எப்படி?" என்றாள்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. நாமதான் அதுக்குப் பத்த மாட்டோம்."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். அடுத்த வாரம் வண்டி வந்துவிட்டது. சேமிப்பு அவளுடையது, சாவி அவருடையது.

வண்டிக்கு அவர் செலவு செய்யவில்லை என்று யாராவது சொன்னால் அது பொய், ஐயா. மெழுகுப் பூச்சுக்கு ரொக்கம் கொடுத்தார். ஸ்டீயரிங்குக்குத் தோல் உறை போட்டார். சாவிக்கொத்து ஒன்று வாங்கினார், அதன் விலையில் எனக்கு இரண்டு ஜோடி செருப்பு வரும். பார்க்கிறவன் கண்ணில் படுகிற செலவுக்கெல்லாம் ரொக்கம். கண்ணில் படாத செலவுக்கெல்லாம் மச்சான்.

டாஷ்போர்டில் பிரேக் தேய்ந்துவிட்டது என்று ஒரு விளக்கு எரியும். மனை வாங்க வந்த ஒருவர், "என்ன சார், செவப்பா எரியுது" என்று கேட்டுவிட்டாராம். மறுநாளே ஓர் எலக்ட்ரீஷியனைப் பிடித்து அந்த விளக்கை அணைத்துவிட்டார். இந்த வண்டிக்கு அவர் செய்ததில் அதுதான் மலிவான ரிப்பேர். வாய் இருந்தால் தானே சொல்லியிருக்கும் வண்டி. வாயை அவர்தான் அடைத்தார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்தான் விடாமல் பிரேக்கை மாற்றச் சொன்னேன். தங்கையும் அதில் ஏறுகிறாளே. எங்கள் முதலாளி கடன் என்றால் காது கேட்காதவர். "பாக்கி வச்ச வண்டி என் வாசலைத் தாண்டாது" என்றார். அதனால் நான் பார்ட்ஸ் கடைக்காரரிடம் போய் என் பெயரில் வாங்கினேன். முன் டிஸ்க் இரண்டு, பேடு ஒரு செட். கூலி நான் போடவில்லை, தங்கை புருஷனாயிற்றே. வெறும் பொருள் விலைதான் அந்த நாற்பத்தோராயிரத்து அறுநூற்றைம்பது.

எங்கள் பட்டறையில் கழற்றிய பழைய பாகத்தைப் புதுசு வந்த பெட்டியிலேயே போட்டு வண்டிக்காரர் கையில் கொடுப்பது வழக்கம். மாற்றினோம் என்பதற்கு அதுதான் சாட்சி. மாப்பிள்ளையிடம் நீட்டினேன். "இந்தக் குப்பையை வச்சு என்ன பண்ண, தூக்கிப் போடுங்க மச்சான்," என்றார். நான் எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை. பெஞ்சுக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

பார்ட்ஸ் கடைக்காரர் மாதா மாதம் என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். முதலாளியே எண்ணி அவரிடம் கொடுத்துவிடுவார், என் கையில் மிச்சம் வரும். நான் கண்ணாடி போட வேண்டியிருந்தது. வருஷக் கணக்காகக் காத்திருந்து கற்ற எழுத்து, கண்ணாடி இல்லாமல் புழு மாதிரி நெளிகிறது. கையை நீட்டி, தாளை எட்டத்தில் பிடித்துப் படித்தேன். கை நீளம் பத்தவில்லை. பட்டறையில் சிரித்தார்கள். "ரசீது, எதிர்ச் சுவத்துல ஒட்டிட்டு வந்து படி" என்றார்கள்.

மாப்பிள்ளையிடம் கேட்டேன். "குடும்பத்துக்குள்ள என்ன மச்சான் கணக்கு" என்றார். இன்னொரு தடவை கேட்டேன். "இந்த மனை முடியட்டும், மொத கவர் உங்களுக்குத்தான்" என்றார். மனை முடிந்தது. தெருமுனையில் திரும்பும்போதே நெஞ்சு அதிர்கிற மாதிரி சத்தம் போடுகிற புகைக்குழாய் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். என் வாசலில் நிறுத்தி ஒரு மிதி மிதித்துக் காட்டினார். ஜன்னல் கண்ணாடி ஆடியது.

"எப்படி மச்சான்?"

"என் பணம் போடுற சத்தம் மாதிரி இருக்கு."

"உங்களுக்கு எல்லாத்துலயும் பணம்தான்."

அதற்குப் பிறகு ஒரு நாள் தங்கை வீட்டில், அவள் முன்னாலேயே சொன்னேன். "காசு தரலன்னா கழட்டிடுவேன் மாப்பிள்ளை."

"தாராளமா கழட்டிக்கோங்க. உங்க பொருள்தானே? கூடவே சக்கரம் நாலையும் எடுத்துட்டுப் போங்க, உருட்டி விளையாடலாம்."

தங்கை, "ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்களா?" என்று அதட்டினாள். அவர் சொன்னதை அவளும் கேட்டாள். வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள். பொருள் என்னுடையது என்று அவர் வாயால் ஒப்புக்கொண்டார், கழற்ற அனுமதியும் கொடுத்தார். நான் கேட்ட பிறகுதான் செய்தேன்.

பட்டறை முறை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். காசு வராத பொருள் வண்டியில் ஓடக் கூடாது. காய்கறி ஏற்றுகிற வேன்காரர் ஒருவர் ரேடியேட்டருக்குப் பணம் தராமல் இழுத்தடித்தார். முதலாளி சொல்லி நான்தான் புதுசைக் கழற்றிவிட்டு, ஒழுகுகிற பழையதையே மாட்டி அனுப்பினேன். வழியில் ஆவி விட்டு நின்றது. மறுநாள் கையில் பணத்தோடு வந்தார். பணம் வந்தது, பொருள் திரும்பிப் போனது. யாரும் போலீசுக்கு வரவில்லை. வேன்காரர் இப்போதும் என்னைப் பார்த்தால் டீ வாங்கிக் கொடுப்பார், ரசீதோடு.

மலைமேல் மனை பார்க்க ஒரு பெரிய பார்ட்டி வருகிறது என்று மாப்பிள்ளை சொன்னார். முந்தின நாள் மத்தியானம் வண்டியைக் கழுவிப் பளபளவென்று வைக்கச் சொல்லிப் பட்டறையில் விட்டுவிட்டுப் போனார். தங்கையையும் கூட்டிப் போகப் போவதாகச் சொன்னார். குடும்பஸ்தன் என்று தெரிந்தால் நம்பிக்கை வருமாம்.

வண்டி கழுவ வந்தது. கழுவினேன். பிறகு முன் சக்கரங்களைக் கழற்றினேன். என் டிஸ்க் இரண்டையும் பேடு செட்டையும் எடுத்து, துடைத்து வைத்தேன். பெஞ்சுக்கு அடியில் இருந்த பெட்டியிலிருந்து அவருடையதை எடுத்து, இருந்தபடியே மாட்டிவிட்டு, என்னுடையதை அந்தப் பெட்டியில் அடுக்கினேன். ஒரு போல்ட்டும் தளர்வாக விடவில்லை. எண்ணெய் கசியவில்லை. பிரேக் எண்ணெய்க் குழாயை நான் அறுத்ததாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். அது எனக்கு மானக்கேடு. என் கையில் அப்படி வேலை வராது. அந்த வண்டியை அவர் வாங்கினபோது எப்படி இருந்ததோ, அப்படியே திருப்பிக் கொடுத்தேன். அதற்கு மேல் ஒரு துரும்பைத் தொடவில்லை.

பிரேக் வேலை பாதியில் நிற்கிற வண்டிக்கு ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்புத் துணி கட்டுவோம். துணி இருந்தால் யாரும் சாவி போட மாட்டார்கள். ஏன் கட்டவில்லை என்று கேட்டீர்கள். வேலை முடிந்துவிட்டது, ஐயா. முடிந்த வண்டிக்குத் துணி கட்டுவது எங்கள் வழக்கமில்லை.

சாயங்காலம் வந்து பார்த்தவர், பானட்டில் முகம் தெரிகிறதா என்று குனிந்து, தலைமுடியைச் சரி செய்துகொண்டார்.

"எல்லாம் கரெக்டா இருக்கா மச்சான்?"

"உங்களுக்கு உண்டானது எல்லாம் இருக்கு."

"அப்புறம் என்ன" என்று சாவியைச் சுழற்றிக்கொண்டே ஏறினார். வண்டி வெளியே போகும்போது பிரேக் போட்டார். நின்றது. ஊருக்குள் அது நிற்கும். இரும்பு இரும்பில் உரசுகிற சத்தமும் கேட்கத்தான் கேட்கும், அந்தப் புகைக்குழாய் இல்லாவிட்டால்.

மறுநாள் காலையில் தங்கைக்குப் போன் செய்தேன். பட்டறை ஆட்களுக்கு வேலை உடுப்பு தைக்க வேண்டும் என்று முதலாளி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மை. இன்றைக்கே வந்து அளவு எடுத்துவிடு, இல்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார் என்றேன். அது மட்டும் நானாகச் சொன்னது. அவள் மாப்பிள்ளையோடு போகாமல் பட்டறைக்கு வந்தாள். ஒவ்வொருவனாகக் கையை விரிக்கச் சொல்லி அளவெடுத்தாள். வாய் சும்மா இல்லை. "வயித்தை எக்காதீங்க, உடுப்பு போட்டப்புறம் விட்டுத்தானே ஆகணும்" என்று எங்கள் பெயிண்டரை வாரினாள். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்போதுதான் மலைமேலிருந்து போன் வந்தது.

"மச்சான், முடிஞ்சிடுச்சு. ரொக்கமாவே குடுத்துட்டாரு. மத்தவன் மாதிரி நெனச்சுடாதீங்க, உங்க கவரைத் தனியாப் பிரிச்சு, பேரு எழுதி, சட்டைப் பையில வச்சுட்டேன். கெளம்பிட்டேன், நேரா பட்டறைக்குத்தான் வர்றேன்."

இதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அப்போது ஏன் சொல்லவில்லை என்று. யோசித்துப் பாருங்கள். முதல் கவர் உங்களுக்கு என்று அவர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். அதை நம்பி, பொருளைக் கழற்றிவிட்டேன், வண்டியை எடுக்காதீர்கள், ஆள் அனுப்புகிறேன் என்று நான் சொல்ல வேண்டுமா? கவர் இல்லாமல் வெறும் வாய் வார்த்தையாக இருந்தால், இழுத்து வருகிற வண்டிக்கு வாடகையும் என் தலையில்தான் விழும். பணத்தைக் கண்ணால் பார்க்காமல் பொருளைப் பற்றிப் பேசுவது பட்டறையில் இல்லை. ஆனாலும் ஒன்று சொன்னேன். "மெதுவா வாங்க மாப்பிள்ளை" என்றேன். காதில் வாங்கியிருந்தால் போதும்.

தங்கை, கழுத்தில் அளவு நாடாவோடு வந்து போனை வாங்கினாள். "சாப்பிட்டீங்களா? வழியில எங்கயாவது நிறுத்திச் சாப்பிட்டு வாங்க," என்றாள். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கடனை அடைக்கிறாராம்ண்ணே, குரலைக் கேட்டீங்களா, துள்ளுது," என்றாள்.

இறக்கத்தில் மூன்றாவது வளைவு என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. நீண்ட இறக்கத்தில் அந்தப் பேடு சூடேறினால் பிடிப்பு விட்டுப்போகும். அது எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுதினால் இத்தனை வருஷ வேலைக்கு அர்த்தம் இல்லை. ஆனால் தெரிவது வேறு, செய்வது வேறு. நான் செய்தது என் பொருளை எடுத்துக்கொண்டது.

எல்லாம் அடங்கி, உறவுக்காரர்கள் கலைந்த பிறகு ஒரு நாள் தங்கை பட்டறைக்கு வந்தாள். கையில் ஒரு கவர். ஒரு மூலை கசங்கி, ஒரு பக்கம் கறை பட்டிருந்தது. மேலே அவர் கையெழுத்தில் 'மச்சான்' என்று இருந்தது. கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது, பெரிதாக எழுதியிருந்தார்.

"சட்டைப் பையில இருந்ததாம். ஸ்டேஷன்ல குடுத்தாங்க. உங்க பேரு போட்டிருக்கு, நான் பிரிக்கல," என்றாள்.

"உனக்குச் செலவுக்கு இருக்கா?"

"அது இருக்கட்டும்ண்ணே. அவரு யாருக்கும் பாக்கி வச்சுட்டுப் போனதா இருக்கக் கூடாது."

நான் எண்ணினேன். அவள் முன்னாலேயே எண்ணினேன், பிறகு ஒரு பேச்சு வரக் கூடாது. சரியாக இருந்தது. நாற்பத்தோராயிரத்து அறுநூற்றைம்பது. ரசீது எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தேன். கணக்கு முடிந்தது. பணம் வந்தால் பொருள் போக வேண்டும் அல்லவா? பெஞ்சுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"என்னண்ணே இது?"

"உங்க பொருள்."

திறந்தாள். டிஸ்க்கை ஒரு விரலால் தொட்டாள். துடைத்து வைத்திருந்ததால் பளிச்சென்று இருந்தது.

"இது எந்த வண்டியோடது?"

"மாப்பிள்ளை வண்டியோடது. காசு வரலன்னு கழட்டி வச்சிருந்தேன். இப்ப வந்துடுச்சு."

"எப்ப கழட்டுனீங்க?"

"கழுவ விட்டாரே, அன்னிக்கு."

அவள் அழவில்லை, ஐயா. கத்தவும் இல்லை. பெயிண்டர் ரேடியோவை நிறுத்தினான், அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பெட்டியை மூடினாள். என் கையைப் பார்த்தாள்.

"அதுக்குத்தான் என்னை அளவெடுக்க வரச் சொன்னீங்களா?"

நான், "முதலாளி கேட்டது நெஜம்," என்றேன். அது நிஜம்தான்.

அவள் பெட்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள். டிஸ்க் இரண்டும் நல்ல கனம். நான் ஆள் அனுப்புகிறேன் என்றேன், திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். உங்களிடம் வந்திருக்கிறாள்.

கழற்றியது நான். பழையதை மாட்டியது நான். அவர் மலை இறங்குகிறார் என்று தெரிந்தும் போனில் சொல்லாமல் இருந்ததும் நான்தான். இதில் எதையும் மறுக்கவில்லை. எந்தத் தண்டனை என்றாலும் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மேஜை மேல் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறீர்களே, அந்தப் பெட்டி அரசாங்கத்துடையது அல்ல, என்னுடையதும் அல்ல. வழக்கு முடிந்ததும் அதை என் தங்கையிடம் சேர்த்துவிட்டு, அவள் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தையும் வாங்கிக்கொண்டு பொருளையும் வைத்துக்கொண்டான் என்று நாளைக்கு யாரும் என்னைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிடக் கூடாது.